இராமானுஜனின் அட்டவணையில் விடுபட்ட எண்

கணித தினம், கணித முகாம், வினாவிடைப் போட்டி என்று எதை நடத்தினாலும் எமது பாடசாலைகளில் இராமானுஜனின் பெயர் வராமல் போவதில்லை. பெயர் வந்தால் கூடவே 1729உம் வந்துவிடும். இலண்டன் பட்னியில் நோயாளியாகப் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தான் வந்த வாடகைக் காரின் இலக்கம் சுவையற்றதாக இருக்கிறது என்றாராம். இராமானுஜன் உடனே அதை மறுத்து, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றாராம். 1இன் கனமும் 12இன் கனமும் சேர்ந்தால் 1729. 9இன் கனமும் 10இன் கனமும் சேர்ந்தாலும் 1729.

கதை உண்மையானதுதான். ஆனால் சொல்லப்படும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் அதை ஒரு வித்தைக்காரனின் கதையாகக் கேட்கிறார்கள். கட்டிலில் கிடந்த மனிதருக்கு வானத்திலிருந்து விடை இறங்கியது போலவும், அப்படிப்பட்டவர்கள் பிறக்கும்போதே அப்படிப் பிறந்துவிடுகிறார்கள் என்பது போலவும் விளங்கிக்கொள்கிறார்கள். பின்வரிசைப் பிள்ளை அந்த இடத்திலேயே தனக்கும் கணிதத்துக்கும் சம்பந்தமில்லை என்று தீர்மானித்துவிடுகிறது. 1729இன் இந்த இயல்பு இராமானுஜன் இங்கிலாந்து போவதற்கு முன்பே தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த ஒன்று என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பிரான்ஸில் ஒருவர் 1657ஆம் ஆண்டிலேயே அதைக் கண்டிருந்தார் என்பதையும் சொல்வதில்லை.

அவரது வாழ்க்கையை வேறொரு எண்ணைக் கொண்டு சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம். அது 6746328388800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு.

ஸ்ரீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் திகதி தாயின் ஊரான ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுபவர். வருமானம் போதாததால் தாய் கோமளத்தம்மாள் வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்துச் செலவைச் சமாளித்தார். நகர உயர்தரப் பாடசாலையில் பிள்ளை எல்லாப் பாடத்திலும் கெட்டிக்காரன், பரிசு வாங்குபவன். பதினைந்து, பதினாறு வயதில் கார் என்ற ஆங்கிலேய ஆசிரியர் தொகுத்த ஒரு கணித நூல் அவன் கைக்குக் கிடைத்தது. பரீட்சைக்குத் தயாராவோருக்காக ஆயிரக்கணக்கான சூத்திரங்களைப் பட்டியலிட்ட நூல் அது. நிறுவல்கள் அநேகமாக இல்லை. அந்த இல்லாமைதான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வரியையும் தானே நிறுவிப் பார்க்கத் தொடங்கினான்.

அதன் பிறகு மற்றப் பாடங்கள் எல்லாம் கைவிட்டுப் போயின. 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் புலமைப்பரிசிலுடன் சேர்ந்தவர், ஆங்கிலக் கட்டுரையில் தவறியதால் அந்தப் புலமைப்பரிசிலை இழந்தார். கட்டணம் கட்ட வழியில்லை. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கு உடற்றொழிலியல் என்ற பாடம் அவருக்குப் பெரும் தலைவலி. நோயும் சேர்ந்தது. 1907இல் தனியாகத் தோற்றிய பரீட்சையிலும் கணிதம் தவிர்ந்த பாடங்களில் சித்தியடையவில்லை. பட்டத்துக்கான கதவு அத்தோடு அடைபட்டது.

எமது நாட்டில் சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியடையாததால் வழி அடைபட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம். இது அதன் மறுபக்கம். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாத பிள்ளைக்கும் அதே முத்திரைதான் குத்தப்பட்டது. பரீட்சை மண்டபத்தின் கண்ணுக்கு இரண்டு பிள்ளைகளும் ஒன்றுதான்.

அதற்குப் பின் வந்த ஐந்து வருடங்கள் கஷ்டமானவை. 1909இல் திருமணம்; மனைவி ஜானகி அப்போது பத்து வயதுச் சிறுமி, அக்கால வழக்கம் அப்படி. கடதாசி வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசி விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். அவரது குறிப்பேடுகளில் நிறுவல்கள் இல்லாததைக் கண்டு பின்னாளில் உலகம் வியந்தது. சிலேட்டைக் கணக்கில் எடுத்தால் வியப்பு பாதியாகக் குறையும். வேலை அங்கே நடந்தது, அழிந்துபோனது. அவர் தன் கண்டுபிடிப்புகளைத் தன் குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்றே நம்பினார். அது அவருடைய நம்பிக்கை; அதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வருடக்கணக்கில் விடிய விடிய உட்கார்ந்தவரும் அவரேதான்.

இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்த இராமசுவாமி ஐயரைத் தேடிப் போனார். நெல்லூரில் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911இல் முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை, சம்பளம் 30 ரூபாய். அங்கிருந்துதான் 1913 ஜனவரி 16ஆம் திகதி கேம்பிரிட்ஜில் இருந்த ஜீ. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் எழுதிப் பார்த்த வேறு பேராசிரியர்களிடமிருந்து பயன் எதுவும் கிடைத்திருக்கவில்லை. ஹார்டியும் முதலில் சந்தேகப்பட்டார். பிறகு சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தபின் இவரை அழைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தார். கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்ற தடையும் ஒருவாறு நீங்கி, 1914 மார்ச் 17ஆம் திகதி சென்னையிலிருந்து கப்பலேறினார்.

இனி அந்த எண்.

12 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. மொத்தம் ஆறு. 12ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. அடுத்து 24க்கு எட்டு. 36க்கு ஒன்பது. 48க்குப் பத்து. 60க்குப் பன்னிரண்டு. இப்படித் தனக்கு முன்னால் வந்த எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் வெல்லும் எண்களைத்தான் இராமானுஜன் ஆராய்ந்தார். முதன்மை எண்ணுக்குத் தன்னையும் ஒன்றையும் தவிரக் காரணியே இல்லை. இவை அதற்கு நேர் எதிர். மிகைப்பகு எண்கள் என்று சொல்லலாம்.

24ஐப் பற்றி எமது வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பறாயிழ் எனும் வாரிசுரிமைச் சட்டத்தில் அல்குர்ஆன் குறிப்பிடும் பங்குகள் ஆறு: அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. இவற்றின் பகுதிகளான 2, 3, 4, 6, 8 ஆகியவற்றின் பொது மடங்குகளுட் சிறியது 24. ஒருவர் மனைவி, தாய், தந்தை, ஒரு மகன் ஆகியோரை விட்டு மரணித்தால் சொத்தை 24 பங்காக்குவோம். மனைவிக்கு 3, தாய்க்கு 4, தந்தைக்கு 4, மீதி 13 மகனுக்கு. வகுப்பில் நான் இதை வட்டைக் காணியாக வைத்துச் சொல்வதுண்டு: 24 ஏக்கர் என்றால் யாருக்கும் உடைந்த ஏக்கர் வராது, 23 என்றாலோ 25 என்றாலோ வரம்பு வெட்டவே தனிச் சண்டை பிடிக்க வேண்டும். இந்தத் துறையின் அறிஞர்கள் பங்கீட்டுக்கு அடிப்படையாக வைத்த எண்கள் 2, 3, 4, 6, 8, 12, 24 என்ற ஏழு. அவற்றில் 3ஐயும் 8ஐயும் தவிர மற்ற ஐந்தும் இராமானுஜனின் பட்டியலில் வருகின்றன. அல்ஜிப்ராவுக்குப் பெயர் தந்த அல்குவாரிஸ்மியின் நூலிலும் பெரும்பகுதி வாரிசுக் கணக்குகளே. பங்கு போடுகிற சமூகம் காரணிகளைத் தேடித்தானே ஆக வேண்டும்.

காரணிகளை எண்ணுவதற்கு எமது தரம் 10 பிள்ளைகளுக்கும் விளங்கும் ஒரு வழி இருக்கிறது. எண்ணை முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதி, ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும். 24 என்பது 2இன் மூன்றாம் வலு பெருக்கல் 3. சுட்டிகள் 3, 1. ஒன்றைக் கூட்டினால் 4, 2. பெருக்கினால் 8. சுட்டிகளை இடம் மாற்றி 2 பெருக்கல் 3இன் மூன்றாம் வலு என்று எழுதினால் 54 வரும். அதற்கும் எட்டுக் காரணிகள்தான், ஆனால் எண் பெரிதாகிவிட்டது. ஆகவே வெல்லும் எண்ணில் 2இன் சுட்டி 3இன் சுட்டியை விடக் குறையாது. 3இனது 5இனதை விடக் குறையாது. இடையில் எந்த முதன்மை எண்ணும் விடுபடாது. கடைசியாக வரும் முதன்மை எண்ணின் சுட்டி எப்போதும் 1, விதிவிலக்கு 4உம் 36உம் மட்டுமே என்று இராமானுஜன் நிறுவினார்.

சொல்ல இலகு. பட்டியலைத் தயாரிப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு படியிலும் 2ஐ இன்னொரு தடவை சேர்ப்பதா, 3ஐ உயர்த்துவதா, புதிய முதன்மை எண் ஒன்றைக் கொண்டுவருவதா என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். சில வேளை இருந்த ஒன்றைக் குறைத்துவிட்டு வேறொன்றைக் கூட்ட வேண்டும். கணினி இல்லை. இராமானுஜன் கையால் 102 எண்களைக் கண்டு அட்டவணை போட்டார். அதில் கடைசியானது 6746328388800. 2இன் ஆறாம் வலு, 3இன் நான்காம் வலு, 5இன் வர்க்கம், 7இன் வர்க்கம், பிறகு 11, 13, 17, 19, 23. சுட்டிகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கிப் பாருங்கள்: 7, 5, 3, 3, பிறகு ஐந்து தடவை 2. விடை 10080. அதை விடச் சிறிய கோடானுகோடி எண்களில் ஒன்றுக்குக்கூட இத்தனை காரணிகள் இல்லை.

அந்த அட்டவணையில் ஒரு எண் விடுபட்டிருக்கிறது. 293318625600. அதாவது இருபத்து ஒன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. அதுவும் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய எண். அதை 23ஆல் பெருக்கினால் வருவதுதான் அட்டவணையின் கடைசி எண்! அதன் காரணிகள் 5040. கிரேக்க அறிஞர் பிளேட்டோ தன் இலட்சிய நகரத்துக்கு இத்தனை குடும்பங்கள் இருக்கட்டும், எப்படியும் பங்கிடலாம் என்று தெரிந்தெடுத்த எண்ணும் 5040தான். அதுவும் ஒரு மிகைப்பகு எண்.

இந்த விடுபடலைச் சிலர் இராமானுஜனுக்குக் குறையாகப் பார்க்கக்கூடும். எனக்கு அவரில் மிகவும் பிடித்த இடமே இதுதான். கனவில் வந்த பட்டியலாக இருந்தால் ஒரு வரி தவறியிராது. நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஒரு மனிதன் தன் கையால் ஏறியிருக்கிறான், ஒரு படியில் கால் பதியவில்லை, அவ்வளவுதான். பிழையாக எண்ணிய பிள்ளைக்கு வகுப்பில் இந்த அட்டவணையைக் காட்டலாம். 1729ஐ விட இது அதிகம் வேலை செய்யும்.

இந்த ஆய்வு 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் வந்தது. அதை ஏற்றுக்கொண்டே கேம்பிரிட்ஜ் 1916 மார்ச்சில் அவருக்குப் பட்டம் வழங்கியது. கும்பகோணமும் சென்னையும் கொடுக்க மறுத்த பட்டம் காரணிகளை எண்ணியதற்காகக் கிடைத்தது.

அப்போது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அவர் இருந்த டிரினிட்டி கல்லூரியின் ஒரு முற்றமே காயப்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாகியிருந்தது. லிட்டில்வுட் இராணுவ வேலைக்குப் போய்விட்டார். இராமானுஜன் கடும் சைவ உணவுக்காரர். கல்லூரிச் சாப்பாட்டறையில் சாப்பிட முடியாமல் தானே அறையில் சமைத்தார். வெளிநாட்டு விடுதிகளில் ஹலால் உணவு தேடித் திரிந்த எமது பிள்ளைகளுக்கு அந்தப் பசி நன்றாக விளங்கும். நேரம் தவறிய சாப்பாடு, குளிர், தனிமை, ஓயாத வேலை. 1917இல் படுத்த படுக்கையானார். சயரோகம் என்று பல சானட்டோரியங்களில் வைத்திருந்தார்கள். அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994இல் ஒரு மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். அப்படியானால் அக்காலத்திலும் சிகிச்சை இருந்த நோய் அது.

நோயோடும் வேலை நிற்கவில்லை. 4ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகக் கூட்டி எழுதலாம். 200ஐ எத்தனை விதமாக எழுதலாம்? 3972999029388 விதமாக. மக்மஹோன் என்ற கணிதவியலாளர் கையால் கணித்துவைத்த அந்த விடையை, 1918இல் வெளிவந்த ஹார்டி, இராமானுஜன் இருவரதும் சூத்திரம் சரியாகத் தொட்டது. அதே வருடம் ரோயல் சொசைட்டி அவரை அங்கத்தவராக்கியது. ஒக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தன் ஆய்வாளர் குழுவில் சேர்த்துக்கொண்டது.

பெருமைகள் வந்த அந்த நேரத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைக் கணித நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருடம் 250 பவுண் உதவித்தொகை அறிவித்தது. 1919 ஜனவரியில் அவர் பதிவாளருக்குப் பதில் எழுதினார். பெற்றோருக்கு ஒரு தொகையும் தன் அவசியச் செலவும் போக மீதியை ஏழைப் பிள்ளைகளினதும் அநாதைகளினதும் பாடசாலைக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் கொடுக்கும்படி அதில் கேட்டிருந்தார். பதினான்கு வருடங்களுக்கு முன் கட்டணம் கட்ட வழியில்லாமல் வீட்டை விட்டு ஓடிய பையன்தான் அதை எழுதினான்.

1919 மார்ச் 27ஆம் திகதி பம்பாயில் வந்திறங்கினார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னை என்று வைத்தியத்துக்காக இடம் மாறினார்கள். கட்டிலில் சாய்ந்தபடி கடதாசித் தாள்களில் எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26ஆம் திகதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. அந்தத் தாள்கள் கைமாறிக் கைமாறி 1976இல் டிரினிட்டி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடைத்தன. ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில், எமது மக்கள் நன்கறிந்த வாலாஜா பள்ளிவாசல் இருக்கும் அதே திருவல்லிக்கேணியில், தையல் வேலை செய்து நெடுங்காலம் வாழ்ந்து 1994இல் காலமானார்.

மிகைப்பகு எண்கள் பற்றிய கட்டுரைக்கும் ஒரு பின்கதை உண்டு. 1915இல் அச்சானது முழுக் கட்டுரையல்ல. யுத்தகாலப் பணமுடையில் இருந்த இலண்டன் கணிதக் கழகம் அதன் பிற்பகுதியைச் சேர்க்கவில்லை. ஓர் எண்ணின் காரணிகளை எல்லாம் கூட்டினால் அந்தத் தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்ற கேள்வி அந்தப் பக்கங்களில் இருந்தது. ரீமான் கருதுகோள் என்ற, இன்றுவரை நிறுவப்படாத கூற்று உண்மையென்று வைத்துக்கொண்டால், போதுமான அளவு பெரிய எண்களுக்கு அந்தத் தொகை ஒரு குறித்த எல்லையைத் தாண்டாது என்று இராமானுஜன் காட்டியிருந்தார். 1984இல் கி ரோபின் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் தன் வழியில் அதே இடத்துக்கு வந்து, இன்னும் ஒரு படி மேலே போனார். அந்த எல்லை தாண்டப்படாமல் இருப்பதும் ரீமான் கருதுகோள் உண்மையாக இருப்பதும் ஒன்றுதான் என்று நிறுவினார். எந்த எண்ணுக்கு மேல் என்றால், 5040க்கு மேல்.

ஒதுக்கப்பட்ட பக்கங்களை அந்த ரோபினும் ஜான் லூயி நிக்கோலாவும் சேர்ந்து ஒழுங்குபடுத்தி, இராமானுஜன் பெயரிலேயே ஆரம்பிக்கப்பட்ட ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அது 1997ஆம் ஆண்டு, எழுதி எண்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு.